சோடா உப்பும் கோரைக்கிழங்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேக், பிஸ்கட், பணியாரம் எல்லாவற்றுக்கும் உதவும் ஒரே மாவுக் கலவையைக் கடையில் வாங்காமல், இயற்கைப் பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே தயாரிக்க முடியுமா? (வாசகி, ஸ்ரீமுஷ்ணம்)

முடியும். அமெரிக்காவில் 1931ஆம் ஆண்டு ‘பிஸ்குயிக்’ என்னும் பெயரில் பெட்டியில் அடைபட்டு வந்து இல்லத்தரசிகளை மயக்கிய கலவையின் உள்ளடக்கம் மாவு, உப்பு, கொழுப்பு, மாவை உப்பச்செய்யும் பொருள் என்னும் நான்குதான். இந்த நான்கும் இல்லாத மளிகைக் கடை ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்க வாய்ப்பில்லை. சலித்த கோதுமை மாவு ஒரு கிலோ, பொடியுப்பு 10 கிராம், ஆப்ப சோடா என்று வழங்கும் சோடா உப்பு 10 கிராம் ஆகியவற்றை ஒன்றாக்கி, சோடா ஓரிடத்தில் தங்கிவிடாமல் மூன்று முறை சலித்து, அதன்பின் 100 கிராம் நெய்யை விட்டு, பிடித்தால் பிடிபட்டு விட்டால் உதிரும் புட்டு மாவின் பதம் வரும்வரை விரல் நுனியால் தேய்க்க வேண்டும். வெண்ணெய் கூடாது, அதிலுள்ள நீர் சோடாவையும் மாவையும் காலத்துக்கு முன்பே எழுப்பிக் கெடுத்துவிடும் என்பதால், நீர் வற்றக் காய்ச்சிய நெய்யே இங்குப் பொருத்தமானது. சுடும் நாளன்று கால் கிலோ கலவைக்குக் கால் கிலோ புளித்த தயிர் சேர்த்தால், தயிரின் அமிலமும் சோடாவும் மோதிக் கரியமில வாயு பிறக்கும். அவ்வாயு மாவைத் தூக்கி நிறுத்தும். தயிரை மிச்சம் பிடிக்கும் சிக்கனக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: அமிலம் கிடைக்காத சோடா உப்பு, அடுப்பின் சூட்டில் சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவைச் சோடாவாக மாறிவிடும் என்பதால், அவர்கள் வீட்டுக் கேக்கைத் தின்பதைவிட அதில் வேட்டி துவைப்பது மேல்.

இதையே கப் கணக்கில் சொல்லக் கூடாதா? (விருத்தாசலம்)

கூடாது.

இரக்கமில்லாமல் பதில் சொல்வது ஏன்? வீட்டில் தராசு இல்லாதவர்கள் என்ன செய்வது? (அதே வாசகர், அடுத்த தபாலில்)

தராசு வாங்க வேண்டும். உளுந்தில் ஐந்து கிராம் குறைந்தாலும் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்கிற அதே குடும்பம், பை வீடு வந்து சேர்ந்ததும் எடை என்னும் அறிவியலைத் துறந்து, தாத்தா காபி குடித்த டம்ளரை அளவுகோலாக உயர்த்துவது விளங்காத புதிர். தளர்வாக அள்ளிய மாவும் அழுத்தி அள்ளிய மாவும் ஒரே டம்ளரில் வெவ்வேறு எடை காட்டும் என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. டம்ளர் காபிக்கு ஏற்பட்டது.

சோடா உப்பு ரசாயனம் ஆயிற்றே, அதை எப்படி இயற்கைப் பொருள் என்பது? இயற்கையான பேக்கிங் பவுடர் கிடையாதா? (சேத்தியாத்தோப்பு)

ரசாயனமே ஆகாதென்று விரதம் பூண்டவர் முதலில் கைவிட வேண்டியவை உப்பும் தண்ணீரும். பேக்கிங் பவுடர் என்பது சோடா உப்பு ஒரு பங்கு, உலர்ந்த அமிலப் பொடி இரண்டு பங்கு, இரண்டும் முன்கூட்டியே சண்டையிடாமல் இடையில் நின்று ஈரத்தை உறிஞ்சும் சோள மாவு ஒரு பங்கு என்ற கணக்கில் வீட்டிலேயே கலந்துகொள்ளக்கூடிய பொடி. இத்தகைய பொடியை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்பிரட் பேர்ட் என்னும் மருந்து வேதியியலர் 1843இல் உருவாக்கினார். ஈஸ்ட் சேர்த்த ரொட்டி அவருடைய மனைவியின் உடலுக்கு ஒவ்வாதிருந்ததே அதற்குக் காரணம். மனைவிக்கு ஒவ்வாததை மாற்ற முனைந்த கணவர்களால் உலகுக்கு விளைந்த நன்மைகளின் பட்டியல் மிகச் சிறியது. அதில் இது முதன்மையானது.

பழைய முறைப்படி அந்த அமிலப் பொடி ‘கிரீம் ஆப் டார்டார்’ எனப்படும் பொட்டாசியம் உப்பாகும். இதைவிட இயற்கையான பொருள் வேண்டுமென்று யாரும் கேட்க முடியாது. ஆனால் அது திராட்சை மது ஊறிய பீப்பாய்களின் உட்சுவரில் படியும் கசடிலிருந்து எடுக்கப்படுவது. ஆசாரம் மிகுந்த ஊர்களில் மைதாவை ஒதுக்கி, முட்டையை விலக்கி, இறுதியில் மதுப் பீப்பாயின் வண்டலைப் பக்தியுடன் சலித்துச் சேர்க்கும் காட்சி இக்கேள்வி-பதில் பகுதிக்கு மிகவும் உவப்பானது. உறுத்துகிறவர்களுக்கு ஆறுதல் உண்டு: அந்த உப்பின் தாயான டார்டாரிக் அமிலமே புளியின் புளிப்புக்கும் முதன்மைக் காரணம். எனினும் புளி ஈரப்பசையுள்ளதாகையால் உலர்கலவைக்கு உதவாது. மறுபடியும் தயிரைத்தான் சரணடைய வேண்டும்.

கலவையிலேயே முந்திரியை அரைத்துச் சேர்த்து வைக்கலாமா? (பண்ருட்டி)

இக்கேள்வி வேறு ஊரிலிருந்து வந்திருந்தால்தான் வியப்பு. சுடும் நாளன்று சேர்க்கலாம். முன்கூட்டியே சேர்த்தால் முந்திரியின் எண்ணெய் சிக்கடித்து மாவையும் கெடுக்கும்.

இத்தகைய பொடிக் கலவைகள் வெளிநாட்டுச் சரக்குதானே? ஸ்ரீமுஷ்ணத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? (காட்டுமன்னார்கோயில்)

ஸ்ரீமுஷ்ணத்தில் எழுந்தருளியுள்ள பூவராகப் பெருமாள் காதில் விழாதவாறு இக்கேள்வி கேட்கப்பட்டிருக்க வேண்டும். கோரைக்கிழங்கைப் பொடித்து, இனிப்பும் நெய்யும் கூட்டிச் செய்யும் பிரசாதம் அக்கோயிலின் தனிச்சிறப்பு. உலர்பொடி, கொழுப்பு என்னும் இலக்கணம் அதற்கும் பொருந்துகிறது. சைபெரஸ் ரோட்டண்டஸ் என்று தாவரவியலிலும் முத்தக்காசு என்று சித்த மருத்துவத்திலும் பெயர் பெற்ற இக்கோரை, உலகின் மிகக் கொடிய களைகளின் வரிசையில் முதலிடம் கொடுத்து அறிஞர்கள் தூற்றிய செடி. மேலே தாளைப் பிடுங்கினால், கருத்த தோலும் நாரும் மூடிய, சுண்டுவிரல் நுனியளவான கிழங்குகள் மண்ணுக்குள் சரம் சரமாகத் தங்கி, அடுத்த வாரமே மீண்டும் முளைக்கும். உழவர் அதைச் சபிக்கிறார். மண்ணைக் கிளறி உண்ணும் பன்றியின் திருவுருவத்தில் நிற்பவருக்கோ அது திருவமுது. களையெடுப்புச் செலவை இவ்வளவு நயமாக நைவேத்தியக் கணக்கில் சேர்த்த ஊர் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

அடுப்பங்கரையில் ஓவன் இல்லை. (ஆண்டிமடம்)

இது கேள்வியன்று, ஆயினும் விசிலையும் கேஸ்கெட்டையும் கழற்றிய குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் தாங்கி வைத்துச் சிறுதீயில் சுடலாம். அந்த உப்பை மறுநாள் சாம்பாரில் போடாதிருத்தல் நலம்.

கலவையை விருத்தாசலத்துப் பீங்கான் ஜாடியில் வைத்தால் நீண்ட நாள் கெடாது என்பது உண்மையா? (விருத்தாசலம்)

மண்ணின் மைந்தர்கள் வருந்தக்கூடும்: பாதி உண்மை. உருகிக் கண்ணாடிபோல் படிந்த மெருகுப் பூச்சு ஈரத்தையும் புளிப்பையும் உள்ளே இறங்க விடாது என்பதால் ஊறுகாய்க்கு ஜாடியைப் போன்ற துணை இல்லை. ஆனால் ஊறுகாயைக் காப்பதில் உப்பும் எண்ணெயும் பெரும்பங்கு ஏற்கின்றன; ஜாடியின் வாயைத் துணியால் கட்டினாலே போதும். மாவுக் கலவைக்கோ அத்தகைய காவல் இல்லை. ஐப்பசி அடைமழைக் காற்று தளர்ந்த மூடியின் வழியே நுழைந்தால் சோடா கட்டிதட்டி வீரியம் இழக்கும். ரப்பர் வளையம் பதித்த மூடியுள்ள ஜாடியாயின் ஆட்சேபம் இல்லை. முழுக்கோதுமை மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் உள்ளமையால், எந்தக் கலத்தில் வைத்தாலும் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

ஏழு வயதுக் குழந்தைக்குச் சீலியாக் நோய் இருப்பதால் கோதுமையே கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிறந்தநாள் கேக்குக்கு வழி உண்டா? (வாசகி, நெய்வேலி)

உண்டு. சீலியாக் என்பது கோதுமை, பார்லி முதலிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தைக் கண்டதும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்கும் நோயாகும். மைதா, ரவை, கோதுமைச் சேமியா மூன்றும் கோதுமையே என்பதுடன், கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதைக் குடும்பத்தினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அரிசி மாவு 300 கிராம், மரவள்ளி மாவு 100 கிராம், வறுக்காத உளுந்து மாவு 50 கிராம் என்பது பொருத்தமான தொடக்க அளவு. குளூட்டன் இல்லாத மாவில் வாயுவைப் பிடித்துவைக்கப் பசை வேண்டும். இட்லியில் அவ்வேலையைச் செய்வது உளுந்தின் வழவழப்பே, கேக்கிலும் அது கைகொடுக்கும். மாவு மில்லுக்கு மட்டும் அரிசியைக் கொண்டுசெல்லக் கூடாது. முன்னால் வந்தவர் அரைத்த கோதுமையின் மிச்சம் எந்திரத்தில் ஒட்டியிருக்கும். அந்தத் துகளே இக்குழந்தைக்குத் தீங்கு செய்யும். அரிசியைக் களைந்து நிழலில் உலர்த்தி, நன்கு கழுவிய மிக்சியில் அரைத்து, இதற்கென்றே வாங்கிய புதிய சல்லடையில் சலிக்க வேண்டும். பழைய சல்லடையின் கண்களில் தங்கிய மாவு எத்தனை கழுவினாலும் முழுமையாகப் போகாது. அன்று விருந்தினர் எல்லோருக்கும் அதே கேக்கைப் பரிமாறினால், குழந்தைக்கென்று தனித்தட்டு வைக்கும் நிலையும் நேராது.

ரவா இட்லி மிக்ஸும் இந்தக் குடும்பம்தானா? (சிதம்பரம்)

நெருங்கிய உறவு. 1924இல் தொடங்கிய பெங்களூர் மாவள்ளி டிபன் ரூம், இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் ரவையைக் கொண்டு ரவா இட்லியை உருவாக்கியதாகக் கூறிவருகிறது. நெருக்கடிநிலைக் காலத்து விலைக்கட்டுப்பாட்டால் உணவக வணிகம் தள்ளாடியபோது, பொட்டலக் கலவைகளின் பக்கம் அந்நிறுவனம் திரும்பியது. அங்கும் சோடா உப்பு, அங்கும் தயிர்.

இதே கலவையில் பரோட்டா வீசலாமா? (வாசகர், ஜெயங்கொண்டம்)

கொழுப்புத் தேய்த்த மாவில் குளூட்டன் இழைகளாக நீளாது என்பதால், வீசப்பட்ட மாவு கல்லுக்குத் திரும்பாமல் எதிரில் அமர்ந்திருப்பவரின் சால்னாவில் போய் விழும். சலவைக் கூலியை வாசகர் ஏற்பதாயின் வீசலாம்.