கடைகாட்டிக் காக்கா

கல்முனைக் கரையோரத்தில் ஊருக்கொரு ஜும்ஆப் பள்ளி, ஊருக்கொரு விளையாட்டுக் கழகம், ஊருக்கொரு கடைகாட்டிக் காக்கா. முதல் இரண்டுக்கும் நிர்வாக சபை உண்டு. ஆகவே சண்டையும் உண்டு. காக்காவின் அமைப்பில் தலைவர், செயலாளர் எல்லாம் அவரே. பொருளாளர் பதவியை மட்டும் கூட வருகிறவரிடம் கொடுத்துவிடுவார்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கட்டம் போட்ட சாரன், மேற்பையில் மூக்குக் கண்ணாடி, மோட்டார் சைக்கிளின் கைபிடியில் எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கும் இரண்டாவது ஹெல்மட். அந்த இரண்டாவது ஹெல்மட்தான் அவருடைய விசிட்டிங் கார்ட். சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிப் படியில் செருப்பைத் தேடும்போதே கண்கள் வெளியூர் முகம் ஒன்றையும் தேடத் தொடங்கிவிடும். பகல் சோற்றைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் இல்லை. இரவுக் கொத்து ரொட்டியை இளந்தாரிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். காலை ஐந்தரைக்கும் எட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில், மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை எந்த அடுப்பில் என்ன வேகிறது என்பதுதான் அவருடைய துறை.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் இறங்கும் மச்சான், தூக்கக் கலக்கத்தில் வாய்தவறிக் கேட்டுவிடுவார்.

“நல்ல இடியப்பக் கடை ஒண்டு சொல்லுங்க மச்சான், நான் போய்த் திண்டுட்டு வாறன்.”

“சொல்றதா? சென்னா நீங்க போய்ச் சேர மாட்டீங்க. ஏறுங்க.”

இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அவர் மதிக்கும் கடைகளில் பாதிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பலகை உள்ள கடையிலும் அது மூன்று உரிமையாளர்களுக்கு முந்தியவர் மாட்டியதாக இருக்கும். காக்கா வழி சொன்னால் இப்படித்தான் வரும்: “பெற்றோல் செட்டுக்கு அங்கால, முந்தி சைக்கிள் கடை இருந்த வளவுக்கு எதிர்ல கிறுகி, பச்ச கேட்டுக்கு முன்னுக்கு.” சைக்கிள் கடை போய்ப் பத்து வருடம் இருக்கும். கேட்டுக்கும் இப்போது நீலப் பெயின்ட்.

கடைக்குள் நுழைவதற்கு முன்பே பரிசோதனை தொடங்கிவிடும். வாசலில் நிற்பது யாருடைய வாகனம்? மாளிகைக்காட்டுப் பக்கமிருந்து மீன் பெட்டி கட்டி வரும் மோட்டார் சைக்கிள் நின்றால் நல்ல சகுனம். மீன்காரன் வயிற்றுக்கு ஏமாற மாட்டான். சம்மாந்துறை ஆலைக்கு நெல் ஏற்றும் லொறி நின்றால் அதைவிடச் சிறப்பு. புதுக் கார்கள் வரிசையாக நின்றால் காக்கா பிரேக் பிடிக்கவே மாட்டார். “வெளிநாட்டுக் காசு வாற கடை. கபுசா, மந்தி எல்லாம் போடுவான். இடியப்பம் எங்கால?” இன்னொரு விதியும் உண்டு, அதை அவர் ஹதீஸ் சொல்லும் குரலில் சொல்வார்: ஏழரை மணிக்கும் இடியப்பம் மிச்சம் இருக்கிற கடைக்குப் போகக் கூடாது.

தட்டின்மேல் லஞ்ச் சீட் விரித்து இடியப்பம் வந்துவிட்டது. பொலித்தீன் லஞ்ச் சீட்டை அரசாங்கம் 2017 செப்டெம்பரில் தடைசெய்தது என்பதை மச்சான் ஞாபகப்படுத்தினால், “தடை கொழும்புல இருந்து பஸ்ல வருது மச்சான், இன்னும் வந்து சேரல்ல” என்பார். பிறகு பேச்சு நின்றுவிடும். ஒரு இடியப்பத்தின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் தூக்குவார். முழுசாக எழும்பி வந்தால் கோதுமை மா கூடிவிட்டது. தூள்தூளாகக் கொட்டுண்டால் மா சரியாக வறுபடவில்லை. பாதி எழும்பி, பாதி தட்டிலேயே தங்க வேண்டும். அப்படி நடந்தால் மட்டும் பாலாணத்துக்குக் கையைக் காட்டுவார். அதையும் உடனே ஊற்றவிடமாட்டார். கரண்டியைக் கிட்ட எடுத்துப் பார்ப்பார். தேசிக்காயை அடுப்பில் கொதிக்கும்போதே பிழிந்திருந்தால் பால் திரிந்து சின்னச் சின்னப் புள்ளி தெரியும். இறக்கி வைத்துப் பிழிந்திருந்தால் தெரியாது. சம்பல் அம்மி கண்டதா, மெஷின் கண்டதா என்பதை நாக்கில் வைக்காமலேயே சொல்லிவிடுவார். இவ்வளவு நேரமும் மச்சானுடைய இடியப்பம் ஆறிக்கொண்டிருக்கும்.

“போன மாசம் வரைக்கும் இது கடை” என்று கடைசியில் தீர்ப்பு வரும். “மறுகா கோக்கிய மாத்திட்டானுகள்.” கோக்கியை மாற்றாத கடை அவருடைய அகராதியில் இல்லை. ஒரு கடை நன்றாக இருந்தால் அது அங்கே பழைய கோக்கி இருப்பதால்; கெட்டுப்போனால் அவர் கட்டாருக்குப் போய்விட்டதால். கரையோரத்தின் சமையல் வரலாறு முழுவதையும் அவர் இந்த ஒரே சூத்திரத்தில் அடக்கிவிடுவார்.

ஒரு விஷயத்தில் அவரை மெச்சத்தான் வேண்டும். இந்தப் பகுதியில் ஊர்ப்பற்று கடுமையானது. சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை வேண்டும் என்று கடைகளை அடைத்துப் போராடிய ஊர் இது. 2020 பெப்ரவரியில் அதற்கு வர்த்தமானி வந்தது, சில நாட்களிலேயே நிறுத்தியும் வைக்கப்பட்டது. எந்த வீதியிலிருந்து எந்த ஊர் தொடங்குகிறது என்பதைப் பெரியவர்கள் குரலை உயர்த்தாமல் பேச முடியாத காலம் அது. அந்தச் சூட்டிலும் சாய்ந்தமருதுச் சந்தியில் நின்று, “பராட்டா எண்டா கல்முனைக்குடிதான்” என்று சொன்ன ஒரே மனிதர் இவர். அடி விழவில்லை, பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள். நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒவ்வொரு ஊரும் தன் ஊர் ஆணத்தைத்தான் ஆணம் என்று நம்பும்போது, கட்சி சாராத வாக்காளர் காக்கா ஒருவரே.

காரைதீவையும் அவர் விட்டுவைப்பதில்லை. விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர் என்று மற்றவர்கள் அறிமுகப்படுத்துவார்கள். காக்காவுக்கு அது வெள்ளிக்கிழமைத் தோசை. சைவக் கடைதான் என்பதால் ஹலாலைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம். தேர்தல் மேடைகளில் தமிழரும் முஸ்லிமும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எல்லாக் கட்சியும் சொல்லும். கேட்டுக்கொண்டிருந்த காக்கா ஒருமுறை பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டாராம்: “இவர் எப்பயாச்சும் பிட்டு அவிச்சிருக்காரா? தேங்காய்ப்பூ கூடினா குழல்ல நிக்காதே.”

மச்சானும் சும்மா இல்லை. பினாங்கில் சில வருடம் வேலை பார்த்தவர். அங்கே காலையில் ஆறு மணிக்கே நூடில்ஸுக்கு வரிசை நிற்பார்கள், ஒரு ஒட்டுக்கடையில் குவே தியோ, அடுத்ததில் லக்சா, தமிழ் முஸ்லிம்கள் காவடியில் தூக்கி விற்றுத் தொடங்கிய நாசி கண்டாருக்கு இன்றைக்கும் கூட்டம் குறையவில்லை என்று அடுக்கினார். 2022 டிசம்பரில் மிஷெலின் வழிகாட்டி கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கடைகளைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போட்டதையும் சொன்னார்.

“மிஷெலின் எண்டா?”

“டயர்க் கம்பனி.”

காக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். டயர் செய்கிறவன் கறியைப் பற்றிச் சொல்வதா? மச்சான் விளக்கினார். 1900இல் பிரான்ஸில் கார்கள் மூவாயிரம்கூட இருக்கவில்லை. ஆட்கள் தூரம் ஓடினால்தானே டயர் தேயும்? ஆகவே கராஜ், ஹோட்டல் எல்லாம் குறித்து ஒரு புத்தகம் அடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். நட்சத்திரம் போடத் தொடங்கியது 1926இல். இதைக் கேட்டு முடித்ததும் காக்காவின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அவருடைய பின் டயரைப் பார்த்தவர்களுக்கு அந்த மரியாதையின் காரணம் புரியும்.

“ஆனா நூடில்ஸ் காலைச் சாப்பாடா மச்சான்? அது பள்ளிக்கூடப் பிள்ளைகள்ற டிபன் பெட்டிக்கு” என்று அந்தப் பேச்சை முடித்துவைத்தார். அவருடைய இடியப்பம் நீட்டிப் போட்டால் நூடில்ஸ்தான் என்று மச்சான் சொன்னதை அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் புகழும் பராட்டாவுக்கு மா அரைப்பதே சிங்கப்பூர்க்காரர்கள்தான். பிறீமா நிறுவனம் 1980இலிருந்து திருகோணமலை சீனக்குடாவில் ஆலை நடத்துகிறது. அதே பிறீமா கொத்து ரொட்டியின் வாசனையை நூடில்ஸ் பக்கெட்டில் அடைத்துக் ‘கொத்துமீ’ என்று விற்கிறது. கொத்து பிறந்தது மட்டக்களப்பிலா திருகோணமலையிலா என்று நாம் அடிபட்டுக்கொண்டிருக்க, அது பக்கெட்டில் ஏறிக் கடை கடையாகத் தொங்குகிறது.

2022 காக்காவுக்குச் சோதனையான வருடம். மார்ச் மாதம் பால்மா விலை ஏறியதோடு கடையில் ஒரு பால் தேத்தண்ணி 100 ரூபாயானது. அவர் மனம் தளராமல் பிளேன்டீக்கு மாறி, நல்ல பிளேன்டீ எங்கே என்று புதிய ஆராய்ச்சி தொடங்கினார். செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று புள்ளிவிபரத் திணைக்களம் சொன்னபோது, அதைப் பராட்டாவின் சுற்றளவை வைத்துத் தான் முன்பே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். விலையைத் தாங்கிக்கொண்டார். பெற்றோலைத்தான் தாங்க முடியவில்லை. கியூ.ஆர். அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று ஆனது. மற்றவர்கள் அதை ஆஸ்பத்திரிக்கு, வயலுக்கு, பிள்ளைகளின் டியூஷனுக்கு என்று பங்கிட்டார்கள். காக்கா அக்கரைப்பற்றுக்கு ஒன்று, நிந்தவூருக்கு இரண்டு, சம்மாந்துறைக்கு ஒன்று என்று பங்கிட்டார். காத்தான்குடியைக் கைவிட்டதுதான் அந்த வருடத்தில் அவர் நாட்டுக்காகச் செய்த தியாகம்.

அவர் பகிடி விடாமல் பேசும் கடை ஒன்றே ஒன்றுதான். அது அம்பாறை நகரில் இருந்தது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, கறிக்குள் மலட்டு மாத்திரை போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி ஒரு கூட்டம் அங்கே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையை அடித்து நொறுக்கியது. பள்ளிவாசலும் தப்பவில்லை. கறியில் மிதந்ததை எடுத்து அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்தது. மாக்கட்டி. ஆணத்தில் கரையாமல் கிடந்த வெறும் மாக்கட்டி. “நாக்குல வெச்சா ஒரு செக்கன்” என்பார் காக்கா. “மா கரைக்கத் தெரியாத கோக்கி எண்டு சென்னா முடிஞ்சிது. அதுக்கு ஒரு திணைக்களம் வேணுமா?” பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசமாட்டார். அம்பாறைக்கு இப்போதும் அலுவலாகப் போவார். பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுவார்.

ரமழான் வந்தால் பகலில் கடைகள் மூடிக்கிடக்கும். காக்காவின் மோட்டார் சைக்கிளும் ஓய்வெடுக்கும் என்று நினைப்பவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவரைப் பார்க்க வேண்டும். எந்தப் பள்ளியில் கஞ்சிக்கு இறைச்சி கூடுதல், எந்தப் பள்ளியில் தேங்காய்ப்பால் தண்ணீராகிவிட்டது என்று மஹல்லா மஹல்லாவாக வாளியோடு அலைவார். நோன்போடு இருப்பதால் ருசி பார்க்க முடியாது. வாசனையை வைத்துத்தான் தீர்ப்பு. அந்த முப்பது நாளும் அவருடைய தீர்ப்புகள் வழமையைவிட நியாயமாக இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய் இருப்பதுதான் வழக்கம். தமிழரிடமும் அப்படி, முஸ்லிம்களிடமும் அப்படி. காக்காவும் சம்மாந்துறையிலிருந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். மாமி கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு அந்த வீட்டு இடியப்பத்துக்குக் குறை சொல்லும் துணிவு அவருக்கில்லை. ஆகவேதான் விடிந்ததும் வெளியே போய்விடுகிறார் என்பது மனைவியின் கணிப்பு. மனைவிக்கும் இதில் மனத்தாங்கல் இல்லை. காக்கா வெளியே போனால் பின்வளவு ராத்தாவிடம் பத்து இடியப்பம் வாங்கி, பிள்ளைகளோடு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

மச்சான் வந்த அன்றைக்கு காக்கா அவரை ஏற்றிக்கொண்டு போனது நிந்தவூருக்கு. ஆறேழு கிலோமீற்றர். இடியப்பம் பாதி எழும்பியது, பாதி தட்டில் தங்கியது. பாலாணத்தில் புள்ளி இல்லை. காக்கா கண்ணை மூடி, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். மச்சான் முதலாளியிடம் கோக்கியைப் பாராட்டப் போனார்.

“இங்க அவிக்கிறல்ல தம்பி. சாய்ந்தமருதுல ஒரு ராத்தா. மகன் சுபஹுக்குப் பொறகு பெட்டியில கட்டித் தருவான்” என்றார் முதலாளி. எந்த ஒழுங்கை என்று விசாரித்ததில் அது காக்காவின் பின்வளவு.

கிழக்கில் இது புதுமையே இல்லை. கடை வாசலில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருப்பவர் ஆண், தட்டுத் தூக்குபவர் ஆண், சாப்பிட்டுத் தீர்ப்புச் சொல்பவரும் ஆண். இரவு மூன்று மணிக்கு எழும்பி உரலில் மாவைப் பிழிந்து தட்டுத் தட்டாக அவிப்பது ஏதோ ஒரு வளவுக்குள் இருக்கும் பெண். அவரைக் காக்காவின் பட்டியலில் தேடினால் கிடைக்கமாட்டார். அங்கே கோக்கிகள்தான்.

மச்சான் சிரித்ததில் புரைக்கேறிவிட்டது. காக்கா அசையவில்லை. “அவிச்ச உடனே திண்டா அது இடியப்பமில்ல மச்சான், வெறும் சுடு மா. பெட்டிக்குள்ள கட்டி, சைக்கிள்ல ஆறு கிலோமீற்றர் குலுங்கி வரக்குள்ளதான் பதம் வாறது.”

வீட்டுக்கு வந்ததும் மச்சான் இதைத் தன் அக்காவிடம், அதாவது காக்காவின் மனைவியிடம் சொல்ல, அக்கா வேலிக்கு மேலால் ராத்தாவிடம் சொன்னார். ராத்தா சிரிக்கவில்லை. அடுப்படிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நிந்தவூர்ல ஒண்ட என்ன விலைக்கு விக்கிறானுகளாம்?”

காக்காவுக்குத் தெரியவில்லை. காசு கொடுத்தது மச்சான்.