சாரத்துக்குப் பின்னால் ஒலித்த வால்: கண்டி மாநகரில் மலிவு ‘டாக்’ கேட்பியல் குறித்த ஆய்வு

1. பொருளும் பெயரும்

இவ்வாய்வின் பொருள் ஒரு வால். நீளம் அரைச் சாண். ஒரு முனையில் டைப்-சி. மறுமுனையில் ஹெட்ஃபோன் செருகும் 3.5 மில்லிமீற்றர் துளை. ஆங்கில நூலோர் இதனை ‘டாக்’ என்பர். எண்களை மின்னலையாக மாற்றுவது என்பது அதன் விரித்துரை. தலதா வீதிக் கடைக்காரர் ‘டைப்-சி கன்வேர்ட்டர்’ என்பர். வாங்க வருவோர் ‘ஹேண்ட்ஸ்ஃபிரீ கொழுவுற வயர்’ என்பர். இவ்வாய்வாளரின் துணைவியார் ‘இன்னொன்றா?’ என்பர். நான்கும் ஒருபொருட் பன்மொழி.

வால் தோன்றிய வரலாறு சிறிது. 2016 செப்டெம்பரில் வந்த ஐஃபோன் 7, ஹெட்ஃபோன் துளையை அடைத்துவிட்டது. ஏனைய கொம்பனிகள் சில முதலில் சிரித்தன. பிறகு தாமும் அடைத்தன. போனுக்குள் ஒடுங்கியிருந்த உறுப்பு அன்றிலிருந்து வெளியே தொங்கலாயிற்று. குரங்கு வாலை இழந்து மனிதனாயிற்று என்பது பரிணாமக் கொள்கை. போன் துளையை இழந்து வால் பெற்றது. இது எத்திசைப் பரிணாமம் என்பதை உடவத்தகலே காட்டுக் குரங்குகளே தீர்மானிக்கட்டும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். டாக் இல்லாத வீடு கண்டியில் அநேகமாக இல்லை. டீவியில் ஒன்று, மடிக்கணினியில் ஒன்று, புளூடூத் ஹெட்செட்டில் ஒன்று எனப் பேசாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஆயினும் மனிதன் தன்னிடம் உள்ளதை அறியாமல் அதையே தேடிக் கடைக்குப் போகிறான். இது வேதாந்தத்துக்கும் பொருந்தும் என்றாலும் நாம் ஒலியோடு நிற்போம்.

2. மேகமதிலும் மாதிரிக் கோட்பாடும்

கண்டி வாவியின் கரையில் ஓடும் வெள்ளை மதிலைக் காணாதவர் இலர். சிங்களத்தில் ‘வலாகுளு பம்ம’, அதாவது மேகமதில். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தது. மேல்விளிம்பு அலையலையாய் ஏறி இறங்கும். மதிலின் உடலிலே விளக்கு வைக்கும் மாடங்கள் உண்டு. இம்மன்னன் ஒலிப்பொறியியல் அறிந்தவன் என்று வரலாற்று நூல்கள் கூறவில்லை. அது அந்நூல்களின் குறை.

விளிம்பு அறுபடாத அலை, அது அனலாக். விளக்குகள் இடைவெளிவிட்டு நிற்கும் புள்ளிகள், அவை டிஜிட்டல். அலையின் உயரத்துக்கு ஏற்ப விளக்குகளை ஏற்றியிறக்கி வைத்து, இரவில் மதிலே தெரியாதபடி செய்து, ‘புள்ளிகளைப் பார்த்து அலையை மீட்டுத் தா’ என்று ஒருவரைக் கேட்டால், அவர் செய்யப்போவதே டாக்கின் வேலை. ஓர் அலைக்கு இரண்டு விளக்குக்குமேல் இருந்தால் அந்த அலையை ஒடிசல் இல்லாமல் முழுதாக மீட்கலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் என்னும் இருவர் பெயரால் வழங்கும் விதி. 1982இல் கடைக்கு வந்த சீடீ விநாடிக்கு 44,100 விளக்கு வைத்தது. ஒவ்வொரு விளக்கும் 65,536 உயரங்களுள் ஒன்றில் நிற்கும். ஆகவே 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள எந்த ஒலியும் அதற்குள் அடங்கும். மனிதச் செவியின் மேலெல்லை இளமையில் 20,000. வயது ஏற ஏற அது இறங்கும். இவ்வாய்வாளரின் எல்லை எவ்வளவு என்பது ஆய்வுக்குத் தேவையற்றது.

தமிழ் இலக்கணிகளும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். கண் இமைக்கும் பொழுதை ஒரு மாத்திரை என்று அளந்தவர் தொல்காப்பியர். இமைப்பு விநாடியின் மூன்றிலொரு பங்கு எனக் கொண்டால், ஒரு குற்றெழுத்தைச் சொல்லி முடிக்க 14,700 மாதிரிகள் செலவாகும். மாத்திரைக்கும் மாதிரிக்கும் இடையே ஓர் ஒற்றும் ஈற்றுயிருமே வேறுபாடு என்பதைத் தற்செயல் என்று தள்ள எமக்கு மனமில்லை.

3. முன்னோர் மொழிந்தவை

இத்துறையில் இரு மதங்கள் உள. அளவைக் கருவி காட்டாததைச் செவி கேளாது என்பது அளவை மதம். செவி கேட்பதைக் கருவி அறியாது என்பது செவி மதம். இரண்டுக்கும் இடையிலான பிணக்கு வடகலை, தென்கலைப் பிணக்கைவிட இளையது, சூட்டில் குறைந்ததன்று.

அளவை மதத்தாரின் மூலநூலாக 2007இல் மேயர், மோரன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வைக் கொள்ளலாம். உயர்தர ஒலிப்பதிவு ஒருபுறம். அதையே சீடீத் தரத்துக்கு இறக்கி எடுத்தது மறுபுறம். எது எது என்று தெரியாமல் கேட்போர் சொல்ல வேண்டும். 554 முறை கேட்டதில் 276 முறை சரி. காசைச் சுண்டியிருந்தால் 277 வந்திருக்கும். காசுக்குச் செவி இல்லை என்பதை நினைவிற் கொள்க.

அதே மதத்தின் சித்தர் ஒருவர் உண்டு. ‘என்டபிள்யூஏவிகை’ என்ற புனைபெயருக்குள் ஒளிந்து, 2011இல் ஒரு மலிவு ஹெட்ஃபோன் அம்ப்ளிஃபையரின் வரைபடத்தை ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அவர் வடிவமைத்த டாக்கும் வந்தது. அந்த ஆண்டே மௌனமானார். ஆள் யார் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. தமிழர்க்கு இது புதிதன்று. பாட்டு நிலைத்துப் பெயர் தொலைந்த செம்புலப்பெயனீராரை நாம் ஈராயிரம் ஆண்டுகளாக அறிவோம்.

செவி மதத்தாரை அறிய டாக் சிப்புகளின் பெயர்களைப் பார்த்தால் போதும். ஜப்பானின் ஏகேஎம் தன் சிப்புகளை ‘வெல்வெட் ஒலி’ என்று விற்றது. அமெரிக்காவின் ஈஎஸ்எஸ் தன் சிப்புக்கு ‘சேபர்’, அதாவது வாள், என்று பேரிட்டது. முதலாவதைக் கேட்டோர் மென்மை, வழுவழுப்பு என்று எழுதினர். இரண்டாவதைக் கேட்டோர் கூர்மை, சற்றே வெட்டுகிறது என்று எழுதினர். பெயர்கள் இடம் மாறியிருந்தால் என்ன எழுதியிருப்பர்? 2020 ஒக்டோபரில் ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்துச் சிப்புத் தட்டுப்பாடு வந்தபோது, வெல்வெட்டை வைத்துக் கருவி செய்த பலர் வாளுக்கு மாறினர். பாட்டுகள் அதே பாட்டுகளாகவே இருந்தன.

4. ஆய்வுக் களம்

ஐரோப்பிய ஆய்வாளர் ஒலி புகாத அறையில் அமர்வர். கண்டியில் அப்படி ஓர் அறை இருந்தாலும் அதற்குள் யாராவது பிளேன்ரீ கொண்டுவருவார்கள். ஆனால் சோதனை ஒலிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும் ஒலிக்கு எசல பெரஹராவின் முன்னே வரும் கசையடிப்போர். ஆழ்ந்த ஒலிக்குத் தவுல். காதைத் துளைக்கும் உச்சத்துக்கு ஹொரணை. ஆண்டில் ஒருமுறை போதாது என்போர்க்கு, பொழுதுபட்டபின் எந்தச் சாப்பாட்டுக்கடை வாசலிலும் இரும்புத் தட்டில் கொத்து ரொட்டி கொத்தும் இரட்டைத் தகடுகள். அதைவிடத் தெளிவான ஸ்டீரியோ வேறெங்கும் இல்லை.

இனிக் கணக்கு. சீடீயின் 16 பிட் பதிவு, அதாவது முன்சொன்ன 65,536 உயரங்கள், ஏறத்தாழ 96 டெசிபெல் வீச்சுத் தரும். 24 பிட் 144 தரும். அமைதியான அறையிலேயே 30 டெசிபெல் இரைச்சல் உண்டு. அந்த இரைச்சலுக்கு மேலே 24 பிட்டையும் முழுதாகக் கேட்க வேண்டுமானால் பாட்டின் உச்சம் 174 டெசிபெல் ஆக வேண்டும். காது வலிக்கத் தொடங்குவது 120 அளவில். 174இல் காது மட்டுமல்ல, காதுக்குச் சொந்தக்காரரும் மிஞ்சார். இந்த 30 கூட அமைதியான அறைக்குரியது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ரோட்டோர வீட்டில் இருப்பவர், கொழும்பு பஸ் கியர் மாற்றும் போதெல்லாம் தன் பிட்டுகளில் சிலவற்றை மகாவலியில் விட்டவராவார்.

விமர்சகர்கள் பெரிதும் போற்றுவது ‘கரும் பின்னணி’. சுருதிகளுக்கு இடையே பூரண நிசப்தம் என்பது பொருள். இதற்காக வெளிநாட்டார் ஆயிரக்கணக்கில் டொலர் செலவழிக்கின்றனர். இலங்கையர்க்கு 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டோடு அது இலவசமாகக் கிடைத்தது. ஃபேன் இல்லை, குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் இல்லை, அயல்வீட்டு நாடகம் இல்லை. போனில் சார்ஜ் எஞ்சியிருந்தவர் அன்று கேட்ட இசை, எந்தக் கருவியும் தராத இசை. அந்தக் காலத்தைத் திரும்ப வேண்டுவோர் எவருமில்லை என்பதையும் பதிகிறோம்.

5. மின்மூலக் கொள்கை

நுட்பச் செவியர் சிலர் மின்சாரத்தின் பிறப்பிடம் ஒலியில் தெரியும் என்பர். கண்டி இதற்குச் சிறந்த களம். கூப்பிடு தூரத்தில் 1985இல் திறந்த விக்டோரியா நீர்மின் நிலையம், 210 மெகாவோட். மேற்குக் கரையில் நுரைச்சோலை நிலக்கரி நிலையம், 900 மெகாவோட். எம் குறிப்பேட்டில் மழைக்காலத்துப் பக்கங்களில் ‘நீரோட்டமான குரல்’ என்றும், வறட்சிக் காலத்துப் பக்கங்களில் ‘சற்றுப் புகை படிந்த வயலின்’ என்றும் எழுதியிருக்கக் கண்டோம். இரண்டு வேளையும் வால் மின்சாரம் எடுத்தது போனின் பற்றரியிலிருந்து என்பதை மகள் சுட்டிக்காட்டினாள். கொள்கை அழகானது, அதனால் நீக்கவில்லை.

இதனோடு சேர்ந்தது விலைமாற்ற விதி. ஆப்பிளின் டைப்-சி வால் அமெரிக்காவில் 9 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். வால் 1,800 ரூபாய். மே நடுப்பகுதியில் டொலர் ஏறத்தாழ 360, வால் 3,240. வரியும் கடைக்காரர் இலாபமும் தனி. இரண்டரை மாதத்துக்குள் விலை எண்பது வீதம் ஏறியது. அதற்கேற்ப அதை முன்பே வாங்கி வைத்திருந்தவர்களின் செவியில் அதன் தரமும் ஏறியது. வாலில் ஒரு மின்கம்பிகூட மாறவில்லை.

6. பரிசோதனை

இரண்டு வால்கள் எடுக்கப்பட்டன. ஒன்றின் விலை இரண்டு கொத்து ரொட்டி. மற்றதன் விலை ஒரு வீட்டின் ஒரு மாதப் பலசரக்கு. பெயர் சொல்வது ஆய்வறமன்று. முதற்சுற்றில் மச்சான் இரண்டாவதைக் கேட்டதும் ‘இதுதான் மச்சான் சவுண்டு’ என்றார். அளந்து பார்த்தால், முதலாவது 1 வோல்ட் தருவது. இரண்டாவது 2 வோல்ட். அதாவது 6 டெசிபெல் கூடுதல் சத்தம். சத்தம் கூடினால் தரம் கூடியதாகச் செவி நம்பும். இது கடைக்காரர்க்கும் பஸ் சாரதிகளுக்கும் முன்பே தெரிந்த உண்மை.

ஆகவே மல்டிமீற்றர் கொண்டு, அதற்குப் பழக்கமான 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். கருவிகளைக் கதிரைக்குப் பின்னால் வைத்து, குறுக்கே பெரியப்பாவின் சாரத்தைக் கட்டினோம். மாற்றுபவள் மகள், கேட்பவர் இவ்வாய்வாளர். பதினாறு சுற்று. குருட்டடியாகப் பன்னிரண்டோ மேலோ சரியாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஆகவே பன்னிரண்டு வந்தால் செவிக்கு வெற்றி என்று முன்கூட்டியே எழுதி ஒப்பமிட்டோம்.

வந்தது எட்டு.

அதைவிடக் கசப்பானது ஒன்று. ஒன்பதாம் சுற்றிலிருந்து பன்னிரண்டாம் சுற்று வரை மகளுக்கு அலுப்பு, எதையும் மாற்றவில்லை. அந்நான்கு சுற்றுகளுக்கும் எம் குறிப்பேடு கூறுவது: ‘மிருதங்கத்தின் தொப்பி இப்போது இறுக்கம்’, ‘தம்புரா சற்றுப் பின்னே போய்விட்டது’, ‘குரலைச் சுற்றிக் காற்றோட்டம்’, ‘இதுவே விலை கூடியது, ஐயமில்லை’. நாலு வரியும் நல்ல தமிழ் என்பதில் இன்றும் எமக்குப் பெருமை உண்டு.

7. விதிவிலக்கும் விதந்துரையும்

எல்லா டாக்கும் ஒன்றே என்று முடிப்பது தவறு. மூன்று இடங்களில் வேற்றுமை மெய்யாகவே கேட்கும். 300 ஓம் போன்ற தடை கூடிய ஹெட்ஃபோனுக்குச் சிறுவாலின் 1 வோல்ட் போதாமற் போகலாம். கருவியின் வெளியீட்டுத் தடை, ஹெட்ஃபோன் தடையின் எட்டிலொரு பங்குக்கு மேற்போனால் சில இயர்போன்களின் குரலே மாறும். 32 ஓமுக்கு 4 ஓம் வரை நலம். மூன்றாவது, புவித்தொடுப்பில்லாச் சார்ஜரில் மாட்டிய மடிக்கணினியின் ரீங்காரம். சார்ஜரைக் கழற்றினால் போய்விடும், அதற்குப் புது டாக் வேண்டியதில்லை. இவை தவிர மிஞ்சும் காசு ஹெட்ஃபோனுக்குப் போகட்டும். அங்கேதான் ஒலி பெரும்பாலும் நல்லதாவதும் கெடுவதும்.

பின்னிணைப்பு

கீழ்வரும் தரவு எந்தப் பிரிவிலும் அடங்காமையால் இங்கே தரப்படுகிறது.

பரிசோதனை முடிந்த அன்று மாலை இரு வால்களையும் அம்மாவிடம் மாற்றி மாற்றிக் கொடுத்து, எது நல்லது என்று கேட்டோம். பாட்டு ஒரு பழைய பக்திப்பாடல். இவ்வாய்வாளர் பத்து ஆண்டுகளாகக் கருவி சோதிக்கவே ஓடவிடுவது. அம்மா கண்ணை மூடி முழுதாகக் கேட்டார்.

“ரெண்டிலயும் பாடுறவருக்குத் தடிமன்,” என்றார்.

மறுபடி கேட்டோம். இரண்டாம் சரணத்தில் மூக்கடைப்புத் தெளிவாகத் தெரிகிறது. மலிவு வாலிலும் தெரிகிறது.

“பாவம். ஆராவது கொஞ்சம் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்திருக்கலாம்.”