புயலுக்காவது கரையைக் கடக்கத் தெரிந்தது

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை கரை மீறியது. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும் டிவியைப் போட்டால், போன வாரம் மாடிப்படி இறங்கத் தொடங்கிய சீரியல் மாமியார் இன்னும் கடைசிப் படிக்கு வந்து சேரவில்லை. புயலுக்காவது கரையைக் கடக்கத் தெரிந்தது.

இதே மாவட்டத்துத் திண்டிவனத்துக்காரர்களுக்கு இழுவை ஒன்றும் புதிதல்ல. செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை என்று 2006-07-ல் அனுமதி தந்தார்கள். அதற்கு இன்றுவரை ‘தொடரும்’தான். ஆனால் ரயில்வேக்காரர் தினம் ராத்திரி கூடத்துக்குள் புகுந்து, பாலில் விஷம் கலப்பது எப்படி என்று காட்டுவதில்லை.

கதை வற்றிவிட்டது என்று சீரியல் எழுதுகிறவரைத் திட்டுவது சுலபம். காசு போகும் வழியைப் பாருங்கள். சன் டிவியில் வெகுகாலம் இருந்த ஏற்பாடு இது: தயாரிப்பாளர் அரை மணி நேரத்தைக் கட்டணம் கொடுத்து வாங்குவார், விளம்பரத்தைத் தானே விற்றுக்கொள்வார். ராத்திரி 8 மணி ஒருமுறை கைவிட்டுப் போனால் போனதுதான். ஓடுகிற கடைக்கு எவன் ஷட்டர் இழுப்பான்? ‘கோலங்கள்’ 2003-ல் தொடங்கி ஆறு வருஷத்தில் 1,500 எபிசோடைத் தாண்டியது. ‘சந்திரலேகா’ 2,000-ஐயும் தாண்டியது.

அதனால்தான் தாலி கட்டும் நேரத்தில் கல்யாணம் நிற்கிறது. செத்தவன் பிழைக்கிறான், பிழைத்தவனுக்கு ஞாபகம் போய்விடுகிறது. நடிகர் விலகினால் ‘இவருக்குப் பதில் இவர்’. புருஷன் முகமே மாறிப்போச்சு, பெண்டாட்டிக்கு மட்டும் தெரியாது! இரண்டு தொடர்களிலும் சரக்கு தீர்ந்தால் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி ‘மகாசங்கமம்’ என்பார்கள். கன்னத்தில் ஓர் அறைக்கு என்ன பாடு தெரியுமா? கை ஓங்கும். கூடத்தில் நிற்கும் ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் இடி, வேலைக்காரிக்குப் பாதி இடி. சோப்பு, மசாலா, நகைக்கடை எல்லாம் வந்துபோகும். கை இன்னும் அந்தரத்தில். நாளைக்கும் அதே ஓங்கலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

வயிற்றெரிச்சல் ‘எதிர்நீச்சல்’ மேல்தான். 2022-ல் வந்தபோது, படித்த மருமகள்களை அடுப்படியில் முடக்கிப்போடும் திமிரை முகத்துக்கு நேராகக் காட்டியது. அந்தத் திமிர் பிடித்த ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தார். அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். 2024 ஜூனில் முடித்தார்கள். அப்பாடா என்றிருந்தது. அதே வருஷம் டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’! விடுதலை பேசிய பெண்கள் மறுபடி அதே குணசேகரனோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.

கேட்டால், “பொம்பளைங்க பாக்குறாங்க, நாங்க என்ன செய்ய?” என்பார்கள். சாட்சிக்கு வியாழக்கிழமை டிஆர்பி. நாடு முழுக்கச் சில பத்தாயிரம் வீடுகளில் வைத்த மீட்டரின் கணக்கு அது. பார்ப்பதாகப் பட்டனை அமுக்கினால் போதும், எதிரே உட்கார்ந்து விடும் கொட்டாவியும் மார்க்குத்தான்.

நூறு நாள் வேலையில் மண் சுமந்துவிட்டு வந்து, சோறு வடித்துக்கொண்டே ஒரு கண்ணால் டிவி பார்க்கும் விக்கிரவாண்டிக்காரி ஒருத்தி இந்தத் தொடர்களில் கதாநாயகியாக வந்ததுண்டா? வரமாட்டாள். பட்டுப்புடவையில் தூங்க அவளுக்குத் தெரியாது. தவிர, அவள் கதையை இழுக்கவும் முடியாது: குழுக் கடனுக்குத் தவணை வாங்க வந்தவன் வாசலில் நிற்கிறான், அவனிடம் ‘தொடரும்’ போட்டால் நடக்குமா?