செவிப்படு சொல்லின் எழுத்துத் துணிபு

ஒருவர் வாயிலிருந்து புறப்பட்டு மற்றொருவர் காதில் விழுந்து, முன்பின் பழக்கமில்லாத காரணத்தால், இன்ன எழுத்துகளால் ஆனது என்று துணிய முடியாமல் நிற்கும் சொல்லை இவ்வாய்வு 'செவிப்படு சொல்' என வழங்கும். அச்சொல்லில் கேட்டவரின் பேனா தயங்கி நிற்கும் எழுத்து ஒவ்வொன்றும் 'ஐயிடம்' எனப்படும். 'பட்டம்', 'பாப்பா' போன்ற ஐயிடமற்ற சொற்களும் மொழியில் உண்டெனினும், அவற்றால் யாருக்கும் ஒரு தொல்லையும் நேராமையின் அவை ஆய்வுக்குத் தகுதியற்றவை என்று விலக்கப்பட்டன.

தமிழில் எழுதுவது போலவே ஒலிப்பதும், ஒலிப்பது போலவே எழுதுவதும் இயல்பாகலின் இப்படியோர் ஆய்வே வேண்டா எனின், அற்றன்று. லகர ளகர ழகரங்களுக்கு நாக்கு எங்கே தொட வேண்டும், எங்கே வருட வேண்டும் என்று இலக்கண நூல்கள் இடம் வகுத்திருப்பது உண்மையே. ஆயினும் அந்நூல்களைக் கல்லாத நாக்குகளே நாட்டில் மிகுதி. மதுரைப் பக்கத்தில் ழகரம் ளகரத்தோடு ஒன்றிவிடுகிறது. சென்னைப் பேச்சில் அது யகரமாகிவிடுவதால், 'பயம்' என்று கேட்ட வெளியூர்க்காரர் அஞ்சுவதா உரித்துத் தின்பதா என்று கூடையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது. ரகர றகரங்களும் ணகர னகரங்களும் பெரும்பாலான வாய்களில் தத்தம் வேற்றுமையை இழந்துவிட்டன.

செவிப்படு சொல்லின் எழுத்தை அறிவதற்கு மிக எளிய வழி சொன்னவரையே கேட்டுவிடுவது. அவ்வழி அரிதாகவே மேற்கொள்ளப்படுவதற்குக் காரணம் 'தலையாட்டு எல்லை'யாகும். சொல் காதில் விழுவதற்கும், புரிந்ததுபோல் தலையாட்டிவிடுவதற்கும் இடைப்பட்ட மிகச் சிறு பொழுதே இவ்வாறு வழங்கப்படுகிறது; தலை ஒருமுறை ஆடியபின் வினவுதல் மானக்கேடு என்பது கேட்போர் அனைவருக்கும் உடன்பாடான கொள்கை. எல்லை கடவாமுன் வினவியவரும் எளிதில் உய்வதில்லை. 'எந்த ழ?' என்று அவர் தம் வாயால் கேட்பதும், 'இந்த ழதான்' என்று சொன்னவர் தம் வாயால் விடையிறுப்பதும் ஒரே ஒலியில் நிகழ்வதால், வினாவும் விடையும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு இருந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. இம்முட்டுப்பாட்டைத் தீர்க்கவே 'மூணு சுழி ண', 'ரெண்டு சுழி ன', 'சின்ன ர', 'பெரிய ற', 'பழத்துக்கு வர்ற ழ', 'பள்ளிக்கூடத்துக்கு வர்ற ள' என்னும் குறியீடுகளை மக்களே படைத்துக்கொண்டனர். ஒலியால் பிரிக்க இயலாதவற்றைச் சுழியாலும் உருவத்தாலும் பழத்தாலும் பிரிக்கும் இம்முறை எந்த இலக்கண நூலிலும் இல்லை. தொலைபேசியில் பெயரும் முகவரியும் சொல்வோர் அனைவரும் இதனையே நம்பியிருக்கின்றனர்.

வினவ நாணியவர் அகராதியை நாடுவர். அகராதியோ எழுத்தறிந்தவருக்குப் பொருளறிவிக்கும் நோக்கில் எழுந்த நூல். ஒலி மட்டும் அறிந்தவரை அது வாயிலிலேயே நிறுத்திவிடுகிறது. இவ்வகையில் பழைய நிகண்டுகள் இரக்கமுடையவை. திவாகரம் முதலியவை தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பொருள்வழியே சொற்களைத் தொகுத்தமையால், கேட்ட சொல் ஒரு மரத்தின் பெயர் என்று மட்டும் தெரிந்தவரும் மரங்களின் பகுதிக்குள் புகுந்து தேடிக்கொள்ள இயன்றது. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளை உடையது. அவற்றுள் எதுகை நோக்கிச் சொற்களை அடுக்கிய தொடையகராதி, புலவர்களுக்கென்று செய்யப்பட்டதாயினும், சொல்லின் இரண்டாம் எழுத்து மட்டும் ஐயமின்றிக் காதில் விழுந்தவருக்கும் ஒருவாறு பயன்படும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் போன்ற பிற்காலப் பேரகராதிகள் இவ்விரக்கத்தை முற்றிலும் துறந்து அகரவரிசைக்கே கட்டுப்பட்டன.

அவ்வரிசையிலும் ஒரு வஞ்சனை உண்டு. ழகரமும் ளகரமும் அடுத்தடுத்து நிற்பதால் அவற்றுள் மயங்கியவர் சில ஏடுகளைப் புரட்டியே கரையேறுவர். லகரத்துக்கும் ழகரத்துக்கும் இடையில் வகரம் ஒன்றே குறுக்கிடுகிறது. ரகரத்தையும் றகரத்தையும் நான்கு எழுத்துகள் பிரிக்கின்றன. ணகரத்துக்கும் னகரத்துக்கும் நடுவிலோ 11 எழுத்துகள் கிடப்பதால், சுழி ஒன்று கூடிய குற்றத்துக்காகக் கனத்த தொகுதியைக் கையில் ஏந்தி நெடுந்தொலைவு செல்ல நேர்கிறது. ஐயத்தின் அளவும் தண்டனையின் அளவும் ஒத்திருக்க வேண்டும் என்னும் நீதி இங்கே பேணப்படவில்லை.

ஆகவே செவிப்படு சொல்லுக்கு உற்ற துணை இலக்கணமே என்பது இவ்வாய்வின் துணிபு. இன்ன எழுத்து இன்ன இடத்தில் வாராது என்னும் விலக்கு விதிகளை மாணவர்கள் தேர்வுக்காக உருப்போட்டுத் தேர்வறையிலேயே விட்டுவருகின்றனர். அவ்விதிகளின் மெய்யான பயன் ஐயிடங்களைக் குறைப்பதாகும். இதனைச் சோதிக்கச் சேரமான் பெருமாள் நாயனாருக்கு வழங்கும் 'கழறிற்றறிவார்' என்னும் பெயர் எடுத்துக்கொள்ளப்பட்டது. எவ்வுயிர் கழறியதையும் அறியவல்லவர் என்பது இதன் பொருள். அவர் அறிந்தார் என்பதில் ஐயமில்லை, அவர் பெயரைக் கோயில் ஒலிபெருக்கியில் கேட்டவர் என்ன அறிந்தார் என்பதே கேள்வி.

இரண்டாம் எழுத்து ல, ள, ழ என மூன்றில் ஒன்றாகலாம். அடுத்ததும், பின்னர் வரும் 'றி'யும், இறுதி மெய்யும் ரகர றகரங்களுள் எதுவும் ஆகலாம். இடையிலுள்ள இரட்டிப்பை 'ற்ற' என்றும் 'ற்ர' என்றும் 'ட்ர' என்றும் எழுதும் கைகளை நாடெங்கும் காணலாம். இவற்றைப் பெருக்கினால் ஒரு நாயனாருக்கு 72 பெயர்கள் கிடைக்கின்றன. நாயன்மார் தொகையே 63 ஆதலின் இது எவ்வகையிலும் மிகை. இங்கே விதிகள் குறுக்கிடுகின்றன. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நில்லாது. எனவே கடைசியில் ஒலித்தது ரகரமே. டகர றகர மெய்களை அடுத்து ரகரம் வாராது. எனவே இரட்டிப்பு 'ற்ற' என்பதே. இவ்விரண்டு விதிகளால் 72 என்பது 12 ஆகச் சுருங்குகிறது. இச்சொல் அடிமுதலில் நிற்கும் செய்யுளொன்று கிடைத்து, அடுத்த அடியின் இரண்டாம் எழுத்து ழகரமாக இருக்குமாயின், எதுகை நோக்கி 12 நான்காகும். எஞ்சியவை ரகர றகர ஐயங்கள் இரண்டும். கழறு, அறி என்னும் வினைகளை அறிந்தவருக்கு அவையும் நீங்கும். அவ்வினைகளை முன்பே அறிந்தவருக்கு இச்சொல் தொடக்கத்திலேயே ஐயம் தந்திராதே எனின், அவ்வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கைப்பேசியின் தேடுபெட்டியில் பிழையாக எழுதினாலும் சரியான வடிவம் வந்து நிற்கிறதே, இத்துணை முயற்சி எதற்கு என்பாரும் உளர். பலரும் ஒருங்கே செய்த பிழையும் அங்கே சரியான வடிவமென்னும் கோலத்தில் வந்து நிற்பதுண்டு என்பதே அவர்க்கு விடை.

முறைப்படி தேடிய பின்னும் துணிபு கிட்டாத சொற்கள் சில உள. பவளம் எனவும் பவழம் எனவும், மங்கலம் எனவும் மங்களம் எனவும் இரு வடிவங்களும் நூல்களில் பயின்று வருவதால், ஐயத்தோடு அகராதிக்குள் புகுந்தவர் இரண்டு இடங்களிலும் வெற்றி பெற்று, முன்னிலும் கூடிய ஐயத்தோடு வெளிவருகிறார். உளுந்து, உழுந்து என்னும் இரட்டையும் இவ்வினத்ததே. இவற்றுள் முந்தியது எது என்பது பற்றி அறிஞர் வாதிடுங்கால், மளிகைக் கடைக்காரர் தோலோடா தோலில்லாமலா என்று மட்டும் கேட்டு நிறுத்துத் தந்துவிடுகிறார்.