ஆபீஸ் கம்ப்யூட்டரில் முத்துக்குளிப்பு

தூத்துக்குடிக்குக் கண்காணிப்பு புதிதல்ல. முத்துக்குளிப்புக் காலத்தில் மூச்சடக்கி மூழ்கியவருக்குச் சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு, மீதி சர்க்காருக்கு. வழியிலேயே சிப்பியைத் திறந்துவிடாதபடி காவல் வேறு.

இப்போது துறைமுகத்தை ஒட்டிய ஷிப்பிங் ஆபீஸ்களில் குளிப்பு நடக்கிறது. கன்டெய்னர் பட்டியலுக்குப் பின்னால் ரயில் டிக்கெட், மகளுக்கு வரன், தங்கத்தின் விலை. மேனேஜர் செருப்புச் சத்தம் கேட்டதும் எக்செல் மேலே மிதக்கும். அவர் எட்டிப் பார்க்கவே வேண்டாம். எல்லாம் சர்வரில் பதிவாகியிருக்கும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஒருமனதாகச் சொன்னது உண்மைதான். ஆனால் 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சார்ந்த காரியங்களுக்கு ஊழியரின் சம்மதமில்லாமலே அவர் தரவைக் கையாள முதலாளிக்கு வழிவிட்டிருக்கிறது.

ஆகவே அண்ணாச்சி, வரனைச் சொந்த போனில், சொந்த டேட்டாவில் பாருங்கள். ஆபீஸ் வைஃபையும் வேண்டாம்.