ஜீவனாம்சம் கட்டத் தயார், கனம் விமானத்தாரே!

பெறுநர்:
இருக்கை ஒதுக்கீட்டுத் துறையின் உச்சியில் வீற்றிருக்கும் கணினி அவர்கள்
(கணினிக்கு நிரல் எழுதியவர், எழுதச் சொன்னவர், எழுதச் சொன்னவருக்கு போனஸ் கணக்குப் போடுபவர் ஆகியோர் வழியாக)

கனம் பொருந்திய ஐயா,

போன வியாழக்கிழமை சென்னையிலிருந்து கோவைக்குத் தங்கள் விமானத்தில் பறக்கும் பாக்கியம் எங்கள் குடும்பத்துக்குக் கிட்டியது. நான், என் மனைவி, என் அம்மா. ஒரே பிஎன்ஆர், ஒரே கல்யாணம், ஒரே மொய்க்கவர். தாங்கள் பெரிய மனது பண்ணி அருளிய இருக்கைகள்: அம்மாவுக்கு 11இ, மனைவிக்கு 19பி, எனக்கு 28இ.

பரஸ்பர சம்மதத்தோடு பிரிய வரும் தம்பதிக்கே இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு ஆறு மாதம் யோசிக்க அவகாசம் தருகிறது. தாங்கள் எடுத்துக்கொண்டது ஓடிபி வந்து சேரும் நேரம் மட்டும்தான். டிவி சீரியலில் மகனையும் மருமகளையும் தனிக்குடித்தனம் அனுப்ப ஐந்நூறு எபிசோடு பிடிக்கிறது. தாங்களோ மகன், மருமகள், மாமியார் மூவருக்கும் ஆளுக்கொரு தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்துவிட்டீர்கள். 180 இருக்கை கொண்ட விமானத்தில் நடு இருக்கைகள் 60 இருக்கும். அந்த அறுபதில், ஒருவர் தும்மினால் இன்னொருவருக்குக் கேட்காத தூரத்தில் மூன்றைத் தேடிப் பிடிப்பது சாமானிய மூளைக்கு ஆகிற காரியமா?

தீர்ப்பை நான் ஏற்றுக்கொண்டேன். என் பட்டு வேட்டிதான் ஏற்கவில்லை. கதவு மூடிய பிறகு பார்த்தால், அம்மாவுக்குப் பக்கத்தில் 11டி காலி. பெல்ட் மாட்டத் தெரியாமல் அம்மா இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விறுவிறுவென்று போய் உட்கார்ந்தேன். முழுசாக மூச்சு விடுவதற்குள் பணிப்பெண் வந்து குனிந்தார். “சார், இது பெய்டு சீட் சார். உங்க சீட்டுக்கே போயிடுங்க சார்.” இரண்டு வாக்கியத்தில் மூன்று சார். அந்தப் பெண் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் ஜப்தி செய்யச் சொல்லி அனுப்பப்பட்ட அமீனா. பதினோராம் வரிசையிலிருந்து இருபத்தெட்டாம் வரிசை வரை, தடுக்கும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருபுறமும் இருந்த அத்தனை கண்களின் முன்னால் நடந்து போனேன். 11டி காலியாகவே கோவை வந்து இறங்கியது.

வழக்கின் வரலாறு தாங்கள் அறியாததல்ல. ஆனாலும் கோப்பில் இருக்கட்டும்.

டிக்கெட் போட்ட இரவு, முதலில் ஒருவருக்கு என்று தேடினேன், ஒரு விலை. மூவருக்கு என்று தேடினேன்; தலைக்கு எழுநூறு ரூபாய் கூடுதல். மலிவான அடுக்கில் இரண்டு டிக்கெட்தான் மிச்சம் என்றால், மூன்றாவது ஆள் மட்டும் மேல் அடுக்குக்குப் போவதில்லை. மூவரையும் சேர்த்தே மேலே ஏற்றிவிடுவது தங்கள் வழக்கம். இரண்டு, ஒன்று என்று தனித்தனியாகப் போட்டால் காசு மிஞ்சும். அப்போது எங்களைப் பிரிக்கும் சிரமம் தங்களுக்கு இல்லை, நாங்களே பிரிந்து வந்து நிற்போம். ஆகா, என்ன ஏற்பாடு!

அடுத்து கட்டண வகைகள். அடியில் இருப்பது கையில் ஏழு கிலோ மட்டும் கொண்டுவரும் துறவிகளுக்கானது. பெட்டி இல்லாதவர்களுக்குச் சலுகை விலை தரலாம் என்று 2021-ல் விமானத் துறையின் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ அனுமதித்ததை வைத்துத் தாங்கள் கட்டிய மண்டபம். நடுவில் இருப்பதற்கு 15 கிலோ பெட்டி. மேலே இருப்பதற்குப் பெட்டி, தேதி மாற்றம், ஒரு சாண்ட்விச், கூடவே ‘இலவச’ இருக்கை. அந்த இலவசத்தின் விலை ஆயிரத்துச் சொச்சம்.

நடுவிலிருப்பதை எடுத்தேன். இருக்கை வரைபடம் விரிந்தது. கோலப்பொடிக் கடை மாதிரி அத்தனை நிறம். கால் நீட்டும் இருக்கை ஒரு நிறம், ஜன்னல் ஒரு நிறம், கழிவறைக் கதவு முழங்காலில் இடிக்கும் கடைசி வரிசை நடு இருக்கைக்கும் ஒரு நிறம், 200 ரூபாய். நிறமே இல்லாத, விலையே இல்லாத இருக்கை எங்கே என்று தேடித் தேடிக் கண் பூத்தது. ‘ஸ்கிப்’ என்ற சொல் வலது மூலையில், வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் எழுத்தில் இருந்தது. தொட்டேன். சட்டென்று ஒரு பெட்டி எழும்பி, “அன்புக்குரியவர்களுடன் சேர்ந்து அமர வேண்டாமா?” என்று கேட்டது. “ஆம், சேர்ந்தே பயணிக்கிறோம்” என்பது கொட்டை எழுத்தில். “வேண்டாம், பிரிந்து அமரச் சம்மதம்” என்பது பொடி எழுத்தில். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணெதிரே நான் பொடி எழுத்தைத் தொட்டேன். இந்த வழக்கில் தாங்கள் காட்டும் சம்மதப் பத்திரம் அதுதான் என்றால், வாதம் முடிந்தது.

இந்த வகை வித்தைகளை அரசாங்கம் கவனிக்காமல் இல்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் இணையத்தில் நம்மை ஏமாற்றும் 13 தந்திரங்கள் வரிசையாக இருக்கின்றன. வாடிக்கையாளரைக் கூச வைத்துச் சம்மதம் வாங்குவது அதில் ஒன்று. அதற்கு அவர்கள் கொடுத்த உதாரணம் என்ன தெரியுமா? விமான டிக்கெட் போடுபவர் காப்பீடு வேண்டாம் என்றால், “பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்” என்று சொல்ல வைப்பது! இந்தத் தந்திரத்துக்கு உதாரணம் தேடிய அதிகாரிகளுக்கு விமானம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. எத்தனை பெரிய கௌரவம். சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுங்கள்.

கடைசிப் பக்கத்தில், பணம் கட்டும் வசதிக்கென்று ஒரு கட்டணம். ஒரே கார்டு, ஒரே ஓடிபி, ஒரே பரிவர்த்தனை. கட்டணம் மட்டும் மூன்று. அந்த ஒரு இடத்தில் எங்களைத் தனித்தனி மனிதர்களாக மதித்தீர்கள்.

பழைய காலத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 2003-ல் ஏர் டெக்கான் வந்து ஒரு ரூபாய்க்கெல்லாம் டிக்கெட் விற்றது. ‘சூரரைப் போற்று’ பார்த்து நாம் கண் கலங்கினோமே, அந்தக் கதையின் மூலம் அதுதான். அதில் இருக்கை எண்ணே கிடையாது, முந்தினவருக்கு ஜன்னல். இதே ஊரில் ரயில்வேயை நாம் திட்டாத நாளில்லை; ஆனால் 45 வயது தாண்டிய பெண் டிக்கெட் போட்டால், கேட்காவிட்டாலும் லோயர் பெர்த் கொடுக்க முடியுமா என்று அதன் கணினி பார்க்கிறது. அதற்குத் தனிக்காசு இல்லை. தங்கள் கணினியும் கணினிதான். மூன்று பேரை அடுத்தடுத்து வைக்க அதற்கு ஒரு சொட்டு பெட்ரோல் கூடச் செலவாகாது. வெளிநாட்டிலும் இதே கதைதான். 2018-ல் பிரிட்டனின் விமானத் துறை ஆணையம் பயணிகளைக் கேட்டபோது, ஒரு நிறுவனத்தில் 35 சதவீதம் பேர் கூட வந்தவர்களிடமிருந்து பிரிந்து உட்கார்ந்ததாகச் சொன்னார்கள். வேறு சிலவற்றில் 12 சதவீதம்தான். எல்லாம் தற்செயல் என்றால், ஒரு கம்பெனியில் மட்டும் தற்செயல் ஏன் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது?

பிரித்து வைப்பவரும் தாங்களே, சேர்த்து வைக்கப் பணம் வாங்குபவரும் தாங்களே. நீதிபதியே ஜீவனாம்சத்தைப் பையில் போட்டுக்கொள்ளும் குடும்பக் கோர்ட்டை உலகம் இதுவரை கண்டதில்லை.

12 வயது வரையுள்ள பிள்ளைகளை ஒரே பிஎன்ஆரில் வரும் பெற்றோரில் அல்லது பாதுகாவலரில் ஒருவரோடாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ உத்தரவிட்டது. என் அம்மாவுக்கு 78. வரம்பை ஆறரை மடங்கு தாண்டிவிட்டார். அவர் தப்புதான்.

ஐயா, ஒரு நிமிஷம் மரியாதையை ஓரமாக வைக்கிறேன். முழங்கால் இரண்டும் போன கிழவி. முதல் தடவை விமானம். இறங்கும்போது காது அடைத்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். பெல்ட் மாட்டிவிட்டது ஜன்னலோரம் இருந்த யாரோ ஒரு காலேஜ் பையன். மகன் பதினேழு வரிசைக்குப் பின்னால். கதவு மூடியாச்சு, அந்தக் காலி சீட்டை இனி எவனுக்கும் விற்க முடியாது. என்னை அதில் உட்கார விட்டிருந்தால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. என்னை எழுப்பியது அடுத்த தடவை பயந்துபோய்க் காசு கட்டுவேன் என்பதற்காக. பெற்றவளின் பயத்துக்கு ரேட் போட்டு விற்கிறீர்கள். அசிங்கமாக இல்லை?

மன்னிக்க வேண்டும். கோர்ட்டில் குரல் உயர்த்தக் கூடாது.

தங்கள் வருமானத்தில் எனக்குள்ள அக்கறையால் ஒரு யோசனை சொல்கிறேன். சேர்ந்து உட்காரக் கட்டணம் வாங்குவதில் பெரிய பணம் இல்லை. குடும்பங்களைச் சும்மாவே சேர்த்து உட்கார வைத்துவிட்டு, பிரிந்து உட்காரக் கட்டணம் வையுங்கள். ஆபீஸ் டூரில் மேனேஜருக்குப் பக்கத்து சீட் வாய்த்தவர் சொத்தை எழுதி வைப்பார். சம்பந்தி வீட்டாரோடு பழனிக்குப் புறப்பட்டவர்கள் ஏலம் கேட்பார்கள். இரண்டு பிள்ளைகளோடு பறக்கும் எந்தத் தகப்பனையும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், எத்தனை வரிசை தள்ளி வேண்டும் என்று. இதில் மிரட்டலே தேவையில்லை, மக்கள் மனம் குளிர்ந்து கட்டுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் தீர்ப்புக்குத் தலைவணங்கும்,
28இ

பின்குறிப்பு: திரும்பி வரும்போது தங்கள் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் பறந்துவிட்டதால் சேரன் எக்ஸ்பிரஸில் வந்தோம். அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் லோயர் பெர்த், கோவை தாண்டுவதற்குள் குறட்டை. எனக்கும் மனைவிக்கும் ஆர்ஏசி. சைடு லோயரில் ஒரே பெர்த்தில் இருவரையும் எதிரும் புதிருமாக உட்கார வைத்து, ரயில்வே இலவசமாகவே எங்களைச் சேர்த்துவைத்தது. யார் காலை எங்கே வைப்பது என்ற தகராறு காட்பாடி வரை தீரவில்லை. 19பியில் ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் பாட்டில் கேட்காமல், மூக்குக் கண்ணாடி எங்கே என்று கேட்காமல் இருந்த சுகத்தை மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் வளைகாப்புக்கு மறுபடி கோவை போக வேண்டும். அந்த 19பிக்கு மட்டும் தனியாக என்ன விலை என்று விசாரித்து எழுதச் சொன்னார்.