சாத்தனூர் மரமும் சாவி அட்டையும்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஓடைக்கரையில் படுத்துக் கிடக்கும் கல்மரம் 18 மீட்டர் நீளமுடையது என்றும், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இப்பகுதியில் கடல் இருந்த காலத்தில் வண்டலில் புதைந்து, தன் மரப்பொருளைச் சிறுகச் சிறுக இழந்து, இழந்த இடங்களிலெல்லாம் சிலிக்கா என்னும் மணற்சத்தை நிரப்பிக்கொண்டது என்றும் நிலவியலார் கூறுவர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதனை இனங்கண்டார். தொலைவில் நின்று பார்ப்பவர் மரம் என்கிறார். தொட்டுப் பார்ப்பவர் கல் என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. வடிவம் இருந்தும் பொருள் இல்லாத இந்த நிலையை நாள்தோறும் தம் அலமாரியில் கண்டு பெருமூச்செறியும் மனிதர் ஒரு வகையினர் உண்டு. வீடியோ கேம்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளாமல், கேசட்டாகவும் வட்டாகவும், உறையும் பெட்டியும் கையேடும் உள்ளவையாக விலைகொடுத்து வாங்கி அடுக்கிவைப்பவரே அவர். அத்தகைய ஒருவரைப் பெரம்பலூரிலோ அரியலூரிலோ குடியமர்த்திப் பார்ப்பது வீண்வேலை ஆகாது. அவர் படும் பாட்டை விளக்குவதற்கு வேண்டிய கலைச்சொற்கள் அனைத்தும் இம்மண்ணிலேயே புதைந்திருக்கின்றன.

இவ்விரு மாவட்டங்களும் சேகரிப்பாளர்களுக்குப் புதியவை அல்ல. காரையின் செம்மண் பள்ளங்களிலும் அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கிடைக்கும் அம்மோனைட் என்னும் சுருளோட்டுக் கடலுயிரியின் படிவங்களைத் தேடிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வெள்ளையர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா என்னும் அறிஞர் தென்னிந்தியாவின் கிரெட்டேசியக் கால உயிரினங்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதி 1873-இல் முடித்தார். அவர் விவரித்த மூல மாதிரிகள் கொல்கத்தாவில் உள்ளன. ஆகவே அரியலூர்ச் சிப்பியின் மூலத்தைப் பார்க்க விரும்பும் அரியலூர்க்காரர் வாரணவாசி அருங்காட்சியகத்தோடு நின்றுவிடாமல் ஹவுரா வரை ரயிலேற வேண்டும். வீடியோ கேம் சேகரிப்பாளரின் நிலை இதன் மறுதலை. ஸ்டொலிச்காவின் சரக்கு இங்கிருந்து போயிற்று. இவருடைய சரக்கு சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் பர்மா பஜாரிலிருந்தும் முன்பின் அறியாதோரின் வீடுகளிலிருந்தும் கொரியரில் வந்து சேர வேண்டும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறப்பதால் பக்தர்கள் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்கின்றனர். பழைய கேசட் விற்பவர் தொலைபேசியை எடுக்கும் கிழமையை எந்தப் பஞ்சாங்கமும் கணித்துச் சொல்வதில்லை.

சேகரித்தல் என்பது தமிழ் வீடுகளில் இழிவான செயலன்று என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். கொலுப் பொம்மைகளை ஆண்டுதோறும் ஒன்றிரண்டாகச் சேர்த்துத் தாளில் சுற்றிப் பரணில் வைத்து, ஒன்பது நாள் மட்டும் வெளியே எடுத்து வைப்பவரை ஊர் பாராட்டுகிறது. நேபாளத்துக் கண்டகி ஆற்றின் சாளக்கிராமம், அறிவியல் நோக்கில் அரியலூர் அம்மோனைட்டின் உறவுமுறைதான் என்றாலும், பூசையறையில் பாலும் துளசியும் பெறுகிறது. நாற்பது வயதில் கேசட் வாங்குபவருக்கு மட்டும் "இன்னும் சின்னப்பிள்ளையா?" என்ற வினா கிடைக்கிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருபவரின் குரல் தெருமுனையில் கேட்கும்போதெல்லாம் அவர் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு விரைவதும், போகிக்கு முந்தைய இரவு பரணுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பதும் இதன் விளைவுகளே. ஆயுத பூசை இன்னும் நுட்பமான இடர். வீட்டார் மனமிரங்கி அவருடைய கருவிகளையும் மதித்து, ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் சந்தனமும் குங்குமமும் இட்டுவிடுவர். அட்டையில் ஊறிய குங்குமம் அழியாது. பொருளின் நிலையை மதிப்பிடுவோர் வகுத்த படிநிலைகளில் 'பக்தியால் கறைபட்டது' என்றொரு படி இதுவரை சேர்க்கப்படவில்லை.

இனி, சேகரிக்கப்படும் பொருளின் வரலாறு. ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் கருவியும், அதன் வழித்தோன்றலாக அமெரிக்காவுக்குச் சென்ற என்.இ.எஸ். கருவியும் உலகை ஆண்ட காலத்தில், மின்னணுப் பொருள்களின் இறக்குமதியை இந்திய அரசு கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தது. ஆதலின் 'சாமுராய்' என்ற பெயரில் உரிமம் பெற்று இங்கேயே பூட்டப்பட்ட கருவி சில வீடுகளை அடைந்தது. சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் 1994-இல் ஷா வாலஸ் நிறுவனத்தின் வழியே 18,000 ரூபாய்க்கு வந்தது. அன்று அந்தத் தொகைக்கு ஒரு வீட்டில் வேறு என்னென்னவெல்லாம் வாங்கியிருக்கலாம் என்பதை எந்தத் தந்தையும் விரல்விட்டு எண்ணிக் காட்டியிருப்பார். எனவே பெருவாரியான பிள்ளைகளின் கைக்கு எட்டியது 'டிவி கேம்' என்று வழங்கிய போலிக் கருவியே.

அப்போலிக் கருவிக்குரிய கேசட்டே இவ்வட்டாரச் சேகரிப்பின் அடிப்படை அடுக்கு. கேசட் எனப்படுவது, விளையாட்டு பதிக்கப்பட்ட சில்லு ஒன்றைத் தன்னகத்தே கொண்ட பிளாஸ்டிக் கூடு. இதன் முகப்பில் '9999999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். அதாவது ஒரு கோடிக்கு ஒன்று குறைய விளையாட்டுகள் இதில் அடங்கியுள்ளன என்பது பொருள். திறந்து பார்த்தால் நான்கைந்து விளையாட்டுகளே பெயர் மாறியும் நிறம் மாறியும், முதற்கட்டத்தில் தொடங்குவதற்குப் பதில் மூன்றாம் கட்டத்தில் தொடங்கியும், திரும்பத் திரும்ப வரும். அம்மோனைட்டில் ஒரு புடைப்பு கூடினால் புதிய இனம், ஒரு வரி குறைந்தால் வேறோர் இனம் என்று பெயரிட்டுச் சென்ற பழங்கால ஆய்வாளர்கள் இப்பட்டியலைக் கண்டிருந்தால் முகமலர்ந்திருப்பர். ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இத்தகைய கேசட்டைக் குப்பை என்று ஒதுக்குவதுண்டு. அது தவறு. உரிமம் பெற்ற தங்கநிறக் கேசட் எங்கோ நியூயார்க்கில் நடந்த வாழ்க்கையின் சான்று; ஜெயங்கொண்டத்துக் கோடை விடுமுறையின் சான்று இந்தப் பொய் எண்தான்.

கேசட் வேலை செய்யாதபோது அதைக் கழற்றி, அடிவாயில் புல்லாங்குழல்போல் ஊதி, மீண்டும் செருகும் சடங்கு உலகப் பொது. ஊதக்கூடாது, எச்சில் ஈரம் செப்பு முனைகளை அரிக்கும் என்று நிண்டெண்டோ நிறுவனமே எச்சரித்தது. மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன ஊறுகாயை மக்கள் எப்படி நடத்துகிறார்களோ அப்படியே இந்த எச்சரிக்கையும் நடத்தப்பட்டது. இதைவிடப் பெரிய துயரம் ஊசிகளின் கணக்கு: ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 இணைப்பு முனைகள், என்.இ.எஸ். கேசட்டுக்கு 72. அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் அன்போடு கொண்டுவந்த உண்மையான கேசட் உள்ளூர்ப் போலிக் கருவியின் வாயில் நுழையாமல் நிற்கும். உண்மை ஏற்கப்படாததும் போலி செழிப்பதுமான இந்நிலைக்குத் தத்துவ விளக்கம் தேட வேண்டியதில்லை, 12 ஊசிகள்தாம் காரணம்.

வட்டுகளின் காலம் பிளேஸ்டேஷன் 2 கருவியோடு வந்து, பேருந்து நிலையத்து நடைபாதை வரை பரவியது. இ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் கிரிக்கெட் 07 உறையில்லாத வட்டாகக் கைமாறிய அளவுக்கு உறையுள்ள வட்டாக மாறியதில்லை. ஆகையால் இன்று அதன் அசல் பெட்டியைத் தேடுபவர், ஊரே உண்ட விருந்தின் அழைப்பிதழைத் தேடுபவரைப் போல் அலைய நேர்கிறது. ஐதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கி 2009-இல் வெளிவந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' வட்டின் நிலை வேறு. அதை விளையாடி மகிழ வேண்டும் என்று எந்தச் சேகரிப்பாளரும் அதை வாங்குவதில்லை. சஞ்சீவி மலையைப் போல, இருக்கட்டும் என்று முழுதாகப் பெயர்த்துக்கொண்டு வருகிறார்.

சேகரிப்பாளருள் ஒரு பிரிவினர் பெட்டியின் மேலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பதே இல்லை. மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி, எண் பெற்று, கண்ணாடிப் பேழைபோன்ற கூட்டில் அடைத்துவைப்பர். 2021-இல் உறை பிரிக்கப்படாத சூப்பர் மரியோ 64 கேசட் ஒன்று ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோயிற்று. உள்ளே கேசட் இருக்கிறது என்பது அவ்விலையில் அடங்கிய நம்பிக்கை. காரை ஓடைகளில் உருண்டைக் கற்களைப் பொறுக்குபவர் சுத்தியலால் ஓங்கி உடைத்த பின்னரே உள்ளே அம்மோனைட் உண்டா இல்லையா என்று சொல்வார். உடைக்காத கல்லுக்கு அவர் ஒரு ரூபாயும் தரமாட்டார். இவ்விரு முறைகளுள் அறிவுடையது எது என்பதில் பெரம்பலூர்ச் சேகரிப்பாளருக்கு ஐயமே இல்லை; உறை பிரிக்காதவரைப் பற்றி அவர் பேசும் சொற்கள் அச்சுக்கு ஏலா.

விளையாட்டுகள் உண்மையாகவே நிலத்தில் புதைக்கப்பட்டதும் உண்டு. அடாரி நிறுவனம் 1983-இல் விலைபோகாத தன் கேசட்டுகளை லாரி லாரியாகக் கொண்டுபோய் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ குப்பைமேட்டில் கொட்டி, மேலே கான்கிரீட் ஊற்றி மூடியது. 2014-இல் அகழ்ந்தபோது 'இ.டி.' உள்ளிட்ட ஏறத்தாழ 1,300 கேசட்டுகள் வெளிவந்தன. அவற்றுள் சில அருங்காட்சியகங்களுக்குச் சென்றன, பல ஏலத்தில் விலைபோயின. முப்பத்தோர் ஆண்டில் குப்பை தொல்பொருளானது. அங்கே கேசட்டுகளின் மேல் சிமென்ட் போய் விழுந்தது. அரியலூரிலோ தொல்லுயிர்ப் படிவங்கள் செறிந்த சுண்ணாம்புக்கல்லே அரைக்கப்பட்டுச் சிமென்டாகி மூட்டை மூட்டையாக வெளியூர் போகிறது. தமிழ்நாட்டில் கடைக்காரர் ஒருவர் கேம் வட்டுகளை அடுக்கிவைத்திருக்கும் சுவரிலேயே ஏதேனும் ஓர் அரியலூர்ச் சிப்பி கரைந்திருக்கக்கூடும். வட்டை விட அச்சுவரே அரிய சேகரிப்பு என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

இப்போது சாத்தனூர் மரத்துக்குத் திரும்ப வேண்டும். தொல்லுயிரியலார் படிவங்களைப் பலவாறு வகுப்பர். உயிரியின் ஓடோ பல்லோ அப்படியே எஞ்சியது ஒரு வகை. பொருள் மாறி வடிவம் எஞ்சியது மற்றொரு வகை. ஓடு கரைந்துபோய் அது கிடந்த பள்ளம் மட்டும் எஞ்சியது அச்சுக்குழி. பழைய கேசட் முதல் வகை: முழு விளையாட்டும் சில்லுக்குள் இருந்தது. அண்மைக்கால வட்டு இரண்டாம் வகை: செருகியதும் பல ஜிகாபைட் திருத்தங்களை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு, வட்டில் உள்ளதை ஏறக்குறைய முழுதுமாக மாற்றிக்கொண்ட பின்பே ஓடத் தொடங்கும். திட்டக்குடிப் பக்கத்து உறவினர் வீட்டில் சிக்னல் கிடைக்காத மாலையில் அவ்வட்டு பளபளப்பான காப்பித் தட்டுக்கு மேல் எதுவும் ஆகாது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 'தி குரூ' என்னும் காரோட்டும் விளையாட்டு சேவையகத்தைச் சார்ந்தே இயங்கியது. 2024 மார்ச் 31-இல் சேவையகம் மூடப்பட்டதும் அலமாரிகளில் இருந்த வட்டுகள் அனைத்தும் ஒரே நாளில் கல்லாயின. சாத்தனூர் மரத்துக்கு அவ்வளவு வேகம் கைவரவில்லை.

மூன்றாம் வகை 2025-இல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவியோடு வந்தது. சாவி அட்டை என்று தமிழில் கூறத்தக்க இதனுள் விளையாட்டு இல்லை. விளையாட்டை இறக்கிக்கொள்ளும் உரிமை மட்டும் இருக்கிறது. இறக்கிய பின்னும் விளையாடும்போதெல்லாம் அட்டையைச் செருகியே வைத்திருக்க வேண்டும். உயிரி போய்விட்டது, பள்ளம் இருக்கிறது, பள்ளத்துக்கு விலையும் இருக்கிறது. பெட்டி வேண்டும் என்று அடம்பிடித்த சேகரிப்பாளருக்குப் பெட்டியையே கொடுத்தனர். முதல் ஸ்விட்ச் கருவியின் கேசட்டுகளிலோ, குழந்தைகள் விழுங்கிவிடாதிருக்க டெனடோனியம் பென்சோவேட் என்னும் கடுங்கசப்புப் பொருளைப் பூசியிருந்தனர். பிறந்த குழந்தைக்கு வேப்பங்கொழுந்தும் வசம்பும் பழக்கிய மண்ணில் இக்கசப்பு யாரையும் தடுக்காது. அதிலும் சேகரிப்பாளர் அதை ஒருமுறை நக்கிப் பார்த்தே தீர்வார் என்பதை நிறுவனம் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

சுவட்டுப் படிவம் என்று நான்காவது ஒன்றும் உண்டு. உயிரி இருக்காது, அது நடந்த அடிச்சுவடும் குடைந்த வளையும் மட்டும் கல்லில் இருக்கும். லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கிவந்த கேம்பாய் கேசட்டுகள் கைமாறிக் கைமாறி வரும்போது, அவற்றில் முந்தைய உரிமையாளனின் சேமிப்பு சில வேளை எஞ்சியிருக்கும். ஐந்தாறு ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயர், விளையாடிய மணிக்கணக்கு, ஒருகாலும் வெல்ல முடியாத ஓர் எதிரியின் முன்னால் நிறுத்திவைத்த ஆட்டம். இதைச் சேகரிப்பாளர் அழிக்கமாட்டார். வேறு எந்த அரிய கேசட்டுக்கும் இல்லாத மரியாதை இதற்கு உண்டு. ஆயின் இந்தச் சேமிப்பைத் தாங்குவது உள்ளே பற்றவைத்த நாணய வடிவ மின்கலம் ஒன்றே. 1999-இல் வந்த போக்கிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகளில் ஒரு கடிகாரமும் அதே மின்கலத்தை உறிஞ்சியதால் அவற்றின் மின்கலங்கள் விரைவில் தீர்ந்தன. மின்கலத்தை மாற்றக் கழற்றினால் அந்தக் கணமே சேமிப்பு மறைந்துவிடும். மாற்றாமல் விட்டால் தானாகவே ஒருநாள் மறையும்.

அரியலூர் மாவட்டம் 2001-இல் பதியப்பட்டு, 2002-இல் அழிக்கப்பட்டு, பெரம்பலூரோடு சேர்ந்திருந்து, 2007-இல் மீண்டும் பதியப்பட்டது. கேசட்டுக்கு அரசாணை இல்லை. சேமிப்பை வேறிடத்தில் படியெடுத்துவைக்கும் கருவிகள் உண்டு என்று கேள்விப்பட்டுச் சேகரிப்பாளர் அவற்றின் விலையையும் விசாரித்திருக்கிறார். புதிய மின்கலமும் பற்றவைப்புக் கோலும்கூட வாங்கிவிட்டார். அந்த மின்கலம் உறை பிரிக்கப்படாமல், முதல் தரத்தில், மேசை இழுப்பறையில் இருக்கிறது.